கணிப்பொறிக்குள் தனி அறைகள்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவியர்

ஓர் உறையில் இரு வாள் அடங்குமா என்று நம் முன்னோர் கேட்டனர். அவர்கள் காலத்தில் கணிப்பொறி இல்லை. ஆயினும் இன்று நம் வீட்டு மேசையிலும் பள்ளி ஆய்வகத்திலும் வீற்றிருக்கும் கணிப்பொறிக்கு இப்பழமொழி மிக நன்றாகவே பொருந்துகிறது. ஒரே இயந்திரத்தில் அப்பா அலுவலகக் கணக்கைப் பார்க்கிறார். அண்ணன் கல்லூரித் திட்டப்பணி செய்கிறான். நாம் பாடத்துக்குரிய நிரல்களை எழுதிப் பார்க்கிறோம். ஒருவர் நிறுவியது மற்றொருவர் நிறுவியதோடு மோதுகிறது. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓட மறுக்கிறது. கெடுத்தது யார் என்ற விசாரணை எழுகிறது. விசாரணை எப்படி நடந்தாலும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "இனி நீ இதைத் தொடக் கூடாது."

இத்தீர்ப்பு தவறானது என்பது எமது கருத்து. தொடாதே என்று தடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வேலைக்கும் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு தனி அறை அமைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதே முறை. அது கடினமான வித்தையன்று. பொருட்செலவும் இல்லை. ஆனால் அதைக் கற்காததால் நாம் இழப்பது அதிகம். அதனையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் நோய் இன்னதென்று அறிவோம். நாம் எழுதும் நிரல் தன்னந்தனியாக நிற்பதில்லை. தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக்கென 2019-ல் வெளிவந்த கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது. அந்நூலின் பிற்பகுதியில் கோட்டுப்படமும் வட்டப்படமும் பட்டைப்படமும் வரைய 'மேட்பிளாட்லிப்' என்னும் தொகுப்பைப் பயன்படுத்துகிறோம். ஐந்தாறு வரியில் அழகான படம் திரையில் தோன்றுகிறது. அந்த ஐந்தாறு வரிக்குப் பின்னால் மேட்பிளாட்லிப் நிற்கிறது. மேட்பிளாட்லிப்புக்குப் பின்னால் கணக்கு வேலைக்கான 'நம்பை' என்னும் மற்றொரு தொகுப்பு நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் பைத்தான் நிற்கிறது. திருவிழாச் சப்பரத்தைத் தோளில் தாங்கும் ஆட்களைப் போல ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. ஒருவர் தோளை மாற்றினால் சப்பரமே சாய்ந்துவிடும்.

இத்தொகுப்புகள் ஒவ்வொன்றும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. புதிய பதிப்பு வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். எப்போதும் அப்படியன்று. 2024 ஜூன் மாதம் நம்பை தொகுப்பின் 2.0 பதிப்பு வந்தது. பழைய பதிப்பை நம்பிக் கட்டப்பட்டிருந்த தொகுப்புகள் பல, தாமும் புதுப்பிக்கப்படும்வரை அதனோடு சேர்ந்து இயங்கவில்லை. ஒருவர் தம் புதிய வேலைக்காக 2.0-ஐ நிறுவினால், அதே கணிப்பொறியில் மற்றொருவரின் பழைய வேலை நின்றுபோகக் கூடும். இதில் குற்றவாளி யார்? நிறுவியவர் தம் வேலைக்கு வேண்டியதையே செய்தார். பழையதை வைத்திருந்தவரும் பிழையொன்றும் செய்யவில்லை. இரண்டு வாள்களுக்கும் ஒரே உறையைக் கொடுத்ததுதான் குற்றம்.

நின்றுபோன நிரலாவது நம்மை எச்சரிக்கிறது. எச்சரிக்காமல் விடையை மாற்றிவிடும் நிலையும் உண்டு. கிடோ வான் ராஸம் என்னும் டச்சு நாட்டவர் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பில் ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் விடை 3 என்று வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை அது விட்டுவிடும். மூன்றாம் பதிப்பில் அதே வரிக்கு விடை 3.5. பிழைச் செய்தி எதுவும் வராது. மதிப்பெண் சராசரி பார்க்கும் ஒரு நிரல் எந்தப் பைத்தானில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு மாணவிக்கு அரை மதிப்பெண் கூடும் அல்லது குறையும். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் உலகெங்கும் எத்தனையோ கணிப்பொறிகளில் இரு பதிப்புகளும் அருகருகே வாழ வேண்டியிருந்தது. அவற்றுக்கிடையே சுவர் எழுப்ப வேண்டிய தேவையை அந்த ஆண்டுகள் நன்கு உணர்த்தின.

இனி மருந்தைப் பார்ப்போம். பைத்தானில் தனி அறை அமைக்க 'வென்வ்' என்னும் கருவி உள்ளது. 2012-ல் வெளிவந்த 3.3 பதிப்பு முதல் இது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. லினக்ஸ் வகைகள் சிலவற்றில் மட்டும் இதற்கென ஒரு சிறு தொகுப்பைச் சேர்த்து நிறுவ வேண்டும். கட்டளைத் திரையில் ஒரே ஒரு வரி எழுதினால், நாம் சொன்ன பெயரில் ஒரு கோப்புறை உருவாகும். அதுவே அறை. பைத்தானைத் தொடங்கும் வழி அதனுள் இருக்கும். தொகுப்புகளை அடுக்கி வைக்க ஒரு தனி அலமாரியும் இருக்கும். இரண்டாவது வரி எழுதினால் அறைக்குள் நுழைகிறோம். நுழைந்ததற்கு அடையாளமாகக் கட்டளை வரியின் தொடக்கத்தில் அறையின் பெயர் அடைப்புக்குறிக்குள் தோன்றும். அதன்பின் நாம் எதை நிறுவினாலும் அது அந்த அறையின் அலமாரிக்கே போகும். வெளியே இருக்கும் எதையும் மாற்றாது. வேலை முடிந்ததும் 'டீஆக்டிவேட்' என்று ஒரு சொல் எழுதினால் வெளியே வந்துவிடலாம்.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. பைத்தான் என்று நாம் அழைத்தால் கணிப்பொறி எந்தெந்த இடங்களில் தேட வேண்டும் என்பதற்கு ஒரு முகவரிப் பட்டியல் வைத்திருக்கிறது. அறைக்குள் நுழையும்போது அந்த அறையின் முகவரி பட்டியலின் முதலிடத்துக்கு வருகிறது. அவ்வளவே. அறை கெட்டுப்போனால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டலாம். சில நிமிட வேலை. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நாம் எழுதிய நிரல்களை அறைக் கோப்புறைக்கு உள்ளே வைக்காமல் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் அறையை இடித்தாலும் நம் உழைப்பு இடிபடாது.

இத்தகைய எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1960-களிலேயே அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு மையத்தினர், ஒரே பெரிய கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் தத்தமக்கென்று ஒரு முழுக் கணிப்பொறி இருப்பதுபோல் தோன்றச் செய்தனர். 1972-ல் அது விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1979-ல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், கோப்புகளின் ஒரு பகுதியை மட்டுமே முழு உலகமாக ஒரு நிரலுக்குக் காட்டும் வழி இருந்தது. தனியார் கணிப்பொறிக்குள் இன்னொரு முழுக் கணிப்பொறியை ஓட்டும் வசதியை 1999-ல் விஎம்வேர் நிறுவனம் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தை 1998-ல் தோற்றுவித்த ஐவருள் ஒருவராகவும் அதன் முதல் தலைமை அதிகாரியாகவும் விளங்கியவர் டயான் கிரீன் என்னும் பெண்மணி என்பதை நம் பள்ளி இதழில் மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம். 2007-ல் இயன் பிக்கிங் என்பவர் பைத்தானுக்கு 'வர்ச்சுவல்என்வ்' என்ற அறையமைப்புக் கருவியைத் தந்தார். வென்வ் அதன் வழித்தோன்றலே. 2013-ல் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் 'டாக்கர்' என்பதை அறிமுகம் செய்தார். இன்று பெரிய நிறுவனங்கள் தம் நிரல்களை அத்தகைய கொள்கலன்களில் அடைத்தே அனுப்புகின்றன.

2023 ஜூன் மாதம் வெளிவந்த டெபியன் 12 என்னும் லினக்ஸ் அமைப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் 'பிப்' கட்டளையால் பொதுவிடத்தில் ஒரு தொகுப்பை நிறுவ முயன்றால், அது மறுத்துவிட்டு, தனி அறை அமைத்துக்கொள் என்று அறிவுரை கூறுகிறது. காரணம் உண்டு. லினக்ஸ் அமைப்பின் சொந்த வேலைகள் சிலவும் பைத்தானை நம்பியே நடக்கின்றன. நாம் விளையாட்டாக மாற்றும் ஒரு தொகுப்பு அமைப்பின் கால்களையே தட்டிவிடலாம். அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை இது. நாம் மட்டும் இன்னும் ஒரே கூடத்தில் எல்லாவற்றையும் கொட்டி வைத்துக்கொண்டிருப்பது ஏன்?

சுவர்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வென்வ் எழுப்புவது பாய்த்தட்டி போன்ற மறைப்பு. தொகுப்புகள் ஒன்றோடொன்று கலக்காமல் அது காக்கும்; ஆனால் அறைக்குள் ஓடும் ஒரு தீய நிரல் வெளியே இருக்கும் நம் குடும்பப் புகைப்படங்களைப் படிப்பதை அது தடுக்காது. டாக்கர் போன்ற கொள்கலன் செங்கல் சுவர். ஆனால் அடித்தளம் பொதுவானது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றால் அமைக்கும் மெய்நிகர் இயந்திரம் தனி வீடு. தன் இயக்க அமைப்பையே தனியாக வைத்திருக்கும். அதில் எது நேர்ந்தாலும் பெரும்பாலும் அங்கேயே அடங்கும். பாதுகாப்பு கூடக் கூட விலையும் கூடுகிறது. வெற்று வென்வ் அறைக்குச் சில பத்து மெகாபைட் இடம் போதும். மெய்நிகர் இயந்திரமோ பத்து இருபது ஜிகாபைட் கேட்கும். நான்கு ஜிகாபைட் நினைவகம் மட்டும் உள்ள பழைய கணிப்பொறி அதைத் தாங்காமல் திணறும். ஆகவே பாடப் பயிற்சிக்கு வென்வ் போதும். யார் எழுதியது என்று தெரியாத நிரலைச் சோதிக்க வேண்டுமானால் தனி வீடே தேவை. பாய்த்தட்டியைக் கோட்டைச் சுவர் என்று நம்பி ஏமாறக் கூடாது.

இதற்கெதிராகச் சிலர் கூறுவனவற்றையும் கேட்போம். முதலில் மொழியைக் கற்கட்டும். அறை கட்டுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பர். பைத்தானின் முதல் பாடத்துக்கு, வெறும் எழுத்துகளைத் திரையில் அச்சிடும் நிரலுக்கு, அறை தேவையில்லை என்பதை ஏற்கிறோம். ஆனால் வெளியிலிருந்து முதல் தொகுப்பைக் கொண்டுவரும் நாளிலேயே அறையும் தேவையாகிறது. மூன்று கட்டளைகள் ஒரு பாடவேளைக்குக் கூட வேலை வைக்கமாட்டா. தையல் வகுப்பில் நூல் கோப்பதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதில்லையே!

ஒவ்வோர் அறைக்கும் அதே தொகுப்பை மீண்டும் மீண்டும் இறக்கினால் இணையக் கட்டணம் என்னாவது என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிப் கருவி ஒருமுறை இறக்கியதைத் தன் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. அதே பதிப்பு மறுபடி வேண்டுமானால் பொதுவாக அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வட்டில் இடம் கூடுதலாகச் செலவாவது உண்மை. அதற்கும் வழி உண்டு: முடிந்த வேலையின் அறையை அழித்துவிடலாம். அறையில் என்னென்ன தொகுப்புகள் எந்தெந்தப் பதிப்பில் இருந்தன என்று ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டால், வேண்டும்போது அதைக் கொண்டே மீண்டும் கட்டலாம். பட்டியலின் எடையோ ஒரு கடிதத்தின் எடைதான்.

இந்தப் பட்டியலைப் பற்றி மேலும் ஒரு சொல். கட்டிய அறையை அப்படியே வேறொரு கணிப்பொறிக்குத் தூக்கிச் செல்ல இயலாது. அது கட்டப்பட்ட இடத்தின் முகவரி அதற்குள் பதிந்திருக்கும். ஆனால் பட்டியலைக் கொடுத்தால் யாரும் அதே அறையைத் தம் இடத்தில் எழுப்பலாம். "எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் நன்றாக ஓடியதே" என்று ஆசிரியை முன் நின்று விழிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு இவ்வகுப்புக்கு வரும் தங்கையருக்கு நம் நிரல்களோடு இப்பட்டியலையும் விட்டுச்சென்றால், நாம் நிறுத்திய இடத்திலிருந்து அவர்கள் தொடரலாம். அம்மாவின் குழம்புப் பக்குவத்தை அளவோடு எழுதி வைப்பது போன்றதுதான் இதுவும். "கொஞ்சம் போடு" என்றால் நம்மால் முடியுமா? எத்தனை கரண்டி என்று எழுதியிருக்க வேண்டும்.

இப்போது இக்கட்டுரையின் நெஞ்சான கருத்துக்கு வருகிறோம். இது வட்டில் உள்ள இடத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் வீடுகளில் உள்ள இடத்தைப் பற்றியதும் ஆகும். தொடாதே என்ற சொல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானதாகத் தோன்றும். நடைமுறையில் அது யார் மீது அதிகம் விழுகிறது? கணிப்பொறி நின்றுபோனால், பையன் "ஏதோ கழற்றிப் பார்க்கிறான், பொறியாளன் ஆவான்" என்று தட்டிக்கொடுக்கப்படுவதும், பெண் "கை வைத்துக் கெடுத்துவிட்டாள்" என்று ஒதுக்கப்படுவதும் பல வீடுகளில் நாம் காணும் காட்சி. தவறு செய்யும் உரிமை ஒருவனுக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை என்றால், இருவரும் ஒரே அளவு கற்பது எங்ஙனம்? நிரல் எழுதுதல் என்பதே தவறு செய்து திருத்தும் கலையன்றோ? பத்து முறை பிழைச் செய்தி வாங்காமல் ஒரு நல்ல நிரலை எழுதியவர் யார்?

பிறருடைய வேலை கெட்டுவிடுமோ என்ற அச்சத்தோடு விசைப்பலகையில் வைக்கும் விரல், புதிதாக எதையும் முயலாது. பாடநூலில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு எழுந்துவிடும். தனி அறை அந்த அச்சத்தைப் போக்குகிறது. அதற்குள் எதைப் போட்டுக் குழப்பினாலும் அப்பாவின் கணக்குக்கு ஆபத்தில்லை. அண்ணனின் திட்டப்பணிக்கும் ஆபத்தில்லை. குழம்பிவிட்டால் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம். சண்டையும் இல்லை, சமாதானமும் தேவையில்லை.

நம் வேதியியல் ஆய்வகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கே அமிலம் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது. அதனால் மாணவியர் உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொருத்திக்கும் தனிச் சோதனைக் குழாய் தருகிறார்கள். ஒரு குழாயில் உள்ளது மற்றதில் கலக்கக் கூடாது என்று கற்பிக்கிறார்கள். முடிந்ததும் கழுவி வைக்கச் சொல்கிறார்கள். அமிலத்தையே நம்பி நம் கையில் கொடுக்கும் பள்ளி, ஒரு நிரல் தொகுப்பைக் கொடுக்க அஞ்ச வேண்டுமா? கணிப்பொறி ஆய்வகத்துக்கும் தனிக் குழாய்கள் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

ஆகவே மூன்று தரப்பாரிடமும் சில சொற்கள் கூற விரும்புகிறோம். மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களுக்கும் ஆசிரியைகளுக்கும்: ஆய்வகப் பயிற்சியில் தொகுப்பு நிறுவும் முதல் நாளிலேயே அறை அமைப்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள். ஒவ்வொரு மாணவியின் பெயரிலும் ஓர் அறை இருக்கட்டும். ஆண்டு இறுதியில் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு அறைகளை நீக்கிவிடலாம். அடுத்த வகுப்புக்கு இடம் தயார். கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நிர்வாகியின் கடவுச்சொல் ஆசிரியையிடமே இருக்கட்டும். வென்வ் அறை அமைக்க அந்தக் கடவுச்சொல் பொதுவாகத் தேவைப்படுவதே இல்லை என்பதுதான் இதன் சிறப்பு.

பெற்றோருக்கு: வீட்டில் ஒரே கணிப்பொறி இருந்தாலும், குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். பத்து நிமிடம் போதும். மகளுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று கொடுத்தால், அவள் தன் பகுதிக்குள் நிறுவலாம், அழிக்கலாம். உங்கள் கோப்புகள் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கும். முக்கியமானவற்றை வேறொரு வட்டிலும் படி எடுத்து வையுங்கள். இது பிள்ளைகளுக்கு அஞ்சி அன்று. வட்டுகள் யார் கையும் படாமலே ஒருநாள் பழுதாகக் கூடும். அதன்பின் தொடாதே என்று சொல்லத் தேவை இராது. "இன்று என்ன செய்து பார்த்தாய்?" என்று கேட்கலாம்.

தோழியருக்கு: உரிமை கேட்கும் நாம் ஒழுங்கையும் கைக்கொள்வோம். அறைக்குப் பெயர் வைக்கும்போது எந்த வேலைக்கு உரியது என்று விளங்கும்படி வைப்போம். 'புதியது', 'புதியது இரண்டு' என்று வைத்துவிட்டு மறுவாரம் நாமே தேடி அலைய வேண்டாம். நிறுவும்முன் அறையின் பெயர் கட்டளை வரியில் தெரிகிறதா என்று பார்ப்போம். தொகுப்பின் பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதுவோம். புகழ்பெற்ற தொகுப்புகளின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தீய நிரல்களைப் பரப்புவோரும் உண்டு. பட்டியலை மறவாமல் எடுத்து வைப்போம். வேண்டாத அறையை நாமே நீக்குவோம். கூடத்தைப் பெருக்கிவிட்டுப் போவது நமக்குப் புதிதன்றே.

கரையில் நின்றுகொண்டே எவரும் நீந்தப் பழகியதில்லை. அதற்காகப் பச்சைப் பிள்ளையை ஆற்று வெள்ளத்தில் தள்ளுவாரும் இல்லை. இடுப்பளவு நீர் உள்ள இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். தனி அறை என்பது அத்தகைய இடுப்பளவு நீர். அதை நமக்கு அளியுங்கள். நாம் அங்கே மூழ்கி எழுந்து, இருமி, மீண்டும் முயன்று, ஒருநாள் ஆழத்துக்கும் செல்வோம்.